மாரி காலத்தில் வீட்டினுள் மல்லி வளர்ப்பது குறித்து ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நான் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழை எங்கள் முற்றத்தை அடிக்கடி வெள்ளக்காடாக்குவதால், கறிக்கும் சம்பலுக்கும் வேண்டிய இலைகளை இம்முறை வீட்டுக்குள்ளேயே வளர்க்கத் தீர்மானித்து, ரம்பை, புதினா, மல்லி ஆகிய மூன்றையும் கிழக்குப் பார்த்த யன்னலோரம் சாடிகளில் வைத்திருக்கிறேன்.

ரம்பைக்கு ஒரு குறையும் இல்லை. நிழலையும் ஈரத்தையும் அது நன்றாகத் தாங்கும். தண்ணீரில் வேர்விட வைத்து நட்ட புதினாவும் பிடித்துக்கொண்டது, ஆனால் வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு, இலை சிறுத்து வெளிறுகிறது.

என் பெரிய கவலை மல்லிதான். விதையை இரண்டாக உடைத்து, ஓரிரவு ஊறவைத்து விதைத்தேன். 10 நாட்களில் அழகாக முளைத்த நாற்றுகள், அடுத்த வாரமே அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன. தோட்டத்து மண்ணில் நீர் தேங்கியதால் பூஞ்சணம் பிடித்திருக்கும் என்று கருதி, இரண்டாம் தடவை மணலும் தும்புத்தூளும் கலந்து, துளையிட்ட சாடியில் விதைத்தும் அதே கதிதான்.

மாரியில் மல்லி வளர்த்த அனுபவமுள்ளவர்கள், மணலை எந்த அளவில் கலந்தீர்கள், எத்தனை நாளுக்கொரு தடவை நீர் விட்டீர்கள் என்று தயவுசெய்து கூறுங்கள். வெள்ளை எல்.ஈ.டி. மின்குமிழை நாளுக்கு 12 மணித்தியாலம் எரியவிடலாமென எண்ணுகிறேன். அதனைச் செடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும்? மல்லியிலைச் சம்பலை விரும்பிக் கேட்கும் என் அம்மாவுக்காகவே இவ்வளவு முயற்சியும்.