கெண்டியும் வேடியப்பனும்: தருமபுரிக்கு ஒரு நாள் ரயில் பயணம்

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. ஆனாலும் ரயிலில்தான் போக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். அதனால் விடியற்காலை பஸ் பிடித்து ராயக்கோட்டைக்குப் போய், அங்கே தருமபுரி ரயில் ஏறினோம். நான், கணவர், மகள், எழுபதைத் தாண்டிய என் அத்தை. கட்டிக்கொண்டு போன புளிச்சோறு மாரண்டஅள்ளி தாண்டிப் பாலக்கோடு வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

நாங்கள் பார்க்கப் போன தருமபுரி அகழ்வைப்பகம், அதாவது தொல்பொருள் அருங்காட்சியகம், சிறிய இடம்தான். ஆனால் இந்தப் பக்கத்து நடுகற்களைப் பக்கத்தில் நின்று, அவசரமில்லாமல் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. போர்க்களத்திலோ, ஆநிரை மீட்கும் சண்டையிலோ உயிர்விட்டவனுக்கு ஊர் எடுத்த கல் அது. எழுத்துள்ள கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டான் என்பதெல்லாம் நாலைந்து வரிகளில் அடங்கிவிடும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான்.

முதல் கல்லின் முன்னால் வந்ததும் அத்தை செருப்பைக் கழற்றினார்.

"இவர் எங்கள் வேடியப்பன் அல்லவா?"

ராயக்கோட்டைப் பக்கம் அவர் பிறந்த ஊரில், வயல் ஓரத்தில் இப்படி ஒரு கல் இருக்கிறது. பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் பல வேடியப்பனாகவே கும்பிடப்படுகின்றன. மாட்டுக்காகச் செத்த மனிதன் அவன் என்பது அத்தைக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

மகள் கல்லின் அடியில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக நிற்கிறான். மார்பில் அம்பு தைத்திருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதை அல்ல. அவன் காலருகே மூக்கு வைத்த சின்னக் கெண்டி ஒன்றும், பக்கத்தில் ஒரு சிமிழும் செதுக்கியிருந்தார்கள்.

"சண்டைக்குப் போகிறவனுக்குச் சொம்பு எதற்கு அம்மா?"

எனக்கு ஔவையார்தான் நினைவுக்கு வந்தார். தகடூர் என்ற இதே ஊரை ஆண்ட அதியமான் இறந்தபோது அவர் பாடிய புறநானூற்றுப் பாட்டு. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன் இதை ஏற்பானா என்று கேட்கிறார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தை குறுக்கே பேசினார். "என் அப்பா காலத்தில் வேடியப்பனுக்குக் கள்தான் படைப்பார்கள். நானே கலயம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்."

பாடமாகப் படித்த பாட்டு, கலயம் தூக்கிய கையோடு என் பக்கத்தில் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: விடுமுறை நாளா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எல்லாக் கற்களையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். மூன்று கல் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் ஊருக்குப் போனோம். வேடியப்பன் மேல் எண்ணெயும் மஞ்சளும் கனமாகப் படிந்திருந்ததால் உருவமே சரியாகத் தெரியவில்லை. அத்தையிடம் கேட்டுக்கொண்டு, மகள் கல்லின் கால் பக்கம் விரல் வைத்துத் தடவினாள். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. அதன் பக்கத்தில் மூக்கும் இருந்தது.