மறு: ஃபியோகுரோமோசைட்டோமா – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் அரிதாக வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி பற்றியது. அட்ரினலினும் நாரட்ரினலினும் மிகையாகச் சுரந்து, திடீர் தலைவலி, படபடப்பு, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் என்று ஆட்டிப்படைக்கும். இப்போதைக்கு 'அகணிக்கட்டி' என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
– செ.

———
> 'அகணிக்கட்டி'

சுரப்பியின் வெளிப்பகுதி புறணி, உட்பகுதி (மெடுல்லா) அகணி: நல்ல இணைதான். ஆனால் மூலத்தையும் பாருங்கள். 1912இல் ஜெர்மன் நோயியலாளர் லுட்விக் பிக் வைத்த பெயர் இது. ஃபையோஸ் என்றால் கிரேக்கத்தில் மங்கிய நிறம். குரோமிய உப்பு பட்டால் இந்த உயிரணுக்கள் பழுப்பேறும். அந்த நிறத்துக்கு நம்மிடம் 'குரால்' இருக்கிறதே! குறுந்தொகை 224: 'கூவற் குராலான் படுதுயர்'. கிணற்றில் விழுந்த பசுவின் துயரை இரவில் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஊமன். எனவே 'குராற்கட்டி'. புணர்ச்சியிலும் பழுதில்லை.
– நா.

———
புலவர் ஐயா, கட்டி வந்தவரையும் அந்த ஊமன் நிலையில் விட்டுவிடாதீர்கள். பழுப்பு நிறம் ஆய்வகத்தில் ஏற்றியது. நோயாளி அதைப் பார்க்கப்போவதே இல்லை.

'அகணி'யிலும் சிக்கல் உண்டு. இந்தக் கட்டி சிலருக்குத் தனியே வருவதில்லை. ரெட் (RET) எனும் மரபணுவின் மாற்றத்தால் மெடுல்லரி தைராய்டு புற்றும், சிலருக்குப் பாராதைராய்டு கோளாறும் சேர்ந்து வரும். தைராய்டில் அகணி என்று ஒரு பகுதியே கிடையாது. அங்கே 'மெடுல்லரி' வேறு பொருளில் வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டையும் அகணி என்றால் படிப்பவர் குழம்பிப்போவார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே உலை வைக்கும். இரண்டும் இருந்தால் முதலில் அட்ரினல் அறுவை, பிறகுதான் தைராய்டு. எந்த ஊர் மருத்துவரிடமும் நோயாளி வாய்விட்டுச் சொல்லக்கூடிய பெயர் வேண்டும். அது 'ஃபியோ'தான்.
– மருத்துவர் வ.

———
அப்படிப் பார்த்தால் எந்த நோய்க்கும் தமிழில் பெயரே வேண்டாமே அம்மா! 'நீரிழிவு' என்பது எல்லாருக்கும் புரியவில்லையா?
– நா.

———
நீரிழிவு ஊரெல்லாம் இருக்கிறது ஐயா. இது ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். புழங்க ஆளில்லாமல் சொல் எப்படி நிலைக்கும்?
– வ.

———
இடையில் ஒரு கேள்வி. அந்தக் கூட்டு நோயைச் செ. 'பன்னாளமில்லாச் சுரப்பிக் கட்டி நோய்த்தொகை' என்று எழுதியிருக்கிறார். பல நாளங்கள் இல்லாத ஒரு சுரப்பி என்றல்லவா பொருள்படுகிறது? 'பல' சேர வேண்டியது சுரப்பியோடு. 'பல்சுரப்பிக் கட்டித்தொகை' போதும். நாளத்தை விட்டுவிடலாம்.
– இரா.

———
'பல்சுரப்பி' என்றால் பல்லில் ஏதோ சுரக்கிறது என்பார்கள். 'பன்சுரப்பி' என்று எழுதுங்கள்.
– நா.

———
நன்றி. 'பன்சுரப்பிக் கட்டித்தொகை' என்று மாற்றிவிட்டேன். முதல் சொல்லுக்கு மூவர் வ. பக்கம், ஒருவர் குரால் பக்கம், மற்றவர்கள் பேசவில்லை. 'அட்ரினலின் சுரக்கும் கட்டி' என்று தலைப்பில் வைத்து, முதல் வரியிலேயே 'மருத்துவர்கள் இதை ஃபியோகுரோமோசைட்டோமா, சுருக்கமாக ஃபியோ என்பார்கள்' என்று சேர்த்துவிட்டேன்.
– செ.

———
நாரட்ரினலினை மட்டும் சுரக்கும் கட்டியை என்ன செய்வீர்கள்? மேலும், சொல்முதலில் ஆய்தம் வரவே வராது. குறைந்தபட்சம் 'பியோ' என்றாவது எழுதுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
– நா.