பால் அதிகரிக்க சினை ஊசியா, தீவனமா?

கேள்வி: ஜெர்சி கலப்பினப் பசுக்கள், நாளுக்கு 6 லிட்டர் கறக்கின்றன. விலை கூடிய சினை ஊசி (உயர்ந்த காளையின் விந்தைச் செலுத்துவது) போடலாமா, தீவனத்தை மாற்றலாமா?

கோ_நான்கு: தீவனம்தான், சந்தேகமே வேண்டாம். பால் அளவின் மரபுவழித் திறன், அதாவது மாடுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் மரபால் வரும் பங்கு, ஏறக்குறைய 0.3. மந்தைக்குள் மாட்டுக்கு மாடு தெரியும் ஏற்றத்தாழ்வில் பெரும்பங்கு தீவனம், வெயில், நோய், கறக்கும் முறை இவற்றால் வருவது. காளையின் தாய் சராசரியைவிட 4 லிட்டர் கூடுதலாகக் கறந்ததென்று வையுங்கள். 4 × 0.3 = 1.2. அதில் பாதி காளைக்கு, அதிலும் பாதி உங்கள் கிடாரிக்கு. கிடைப்பது 0.3 லிட்டர்! அதற்கும் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருக்கணும்.

பொலிகாளை: தாயின் கறவையை மட்டும் பார்த்து ஊசி வாங்கினால் அந்தக் கணக்கு சரி, நண்பரே. அப்படித் தேர்ந்த காளையின் மதிப்பீட்டு நம்பகத்தன்மை (1 என்றால் முழு உறுதி) வெறும் 0.075. பல பண்ணைகளில் 50 மகள்களின் கறவையைப் பதிந்து மதிப்பிட்ட காளைக்கு அது 0.8. இன்னொன்று, 0.3 என்றால் ஒரு பசுவின் பாலில் 30 சதவீதம் மரபு என்று பொருள் இல்லை. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். தீவனத்தைக் குறைத்தால் பால் மறுவாரமே இறங்கும். மரபில் ஏறியது அடுத்த தலைமுறைக்கும் போகும்.

கோ_நான்கு: போகும், ஆனால் வைக்கோலும் ஒரு கை தவிடும் போட்டால் வெளியே தெரியாது. நல்ல காளையின் மகளும் 6 லிட்டர், சாதாரணக் காளையின் மகளும் 6 லிட்டர். அதைவிட மோசம், அதிகம் கறக்கும் மரபுள்ள மாடு தன் உடம்பைக் கரைத்துக் கறக்கும். ஈன்று ஆறு வாரத்தில் விலா எலும்பு வரிவரியாகத் தெரியும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். பழி ஊசிக்கு.

10 லிட்டர் மாட்டுக்கு உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டருக்கும் 1 கிலோ, ஆக 5.5 கிலோ அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது). பசுந்தீவனம் 25 கிலோ, தாது உப்பு 50 கிராம்.

வெண்ணெய்மானி: அந்த 5.5 கிலோவை ஒரே வேளையில் கொட்டாதீர்கள். இரைப்பையில் அமிலம் ஏறி அசைபோடுவது குறையும், சாணம் இளகும், கொழுப்புச் சத்து விழும். கொழுப்புச் சதவீதத்தின் மரபுவழித் திறன் 0.5 அளவு, பாலைவிட அதிகம். அப்படியும் நார் குறைந்தால் நிற்காது. அயல் ரத்தத்தை (ஜெர்சி போன்ற வெளிநாட்டு இனத்தின் பங்கை) 62.5 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். சமவெளி வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும், தீனி எடுக்காது.

பொலிகாளை: தீவனம் முதலில் என்பதை ஏற்கிறேன். ஊசியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைப்பதைத்தான் எதிர்க்கிறேன், மாடு எப்படியும் சினைப்படத்தானே வேண்டும்? மகள்களை ஒப்பிடும்போது ஒரே ஈத்து, ஒரே பருவம், ஒரே கொட்டகை பார்த்து ஈன்றதிலிருந்து 305 நாள் கறந்த மொத்தப் பாலை எடுங்கள். முதல் ஈத்துக் கிடாரியை மூன்றாம் ஈத்துப் பசுவோடு வைத்துப் பார்த்தால் வயதின் வித்தியாசம் காளையின் தலையில் ஏறிவிடும்.