லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று தெரிந்த பிறகு உங்களோடு முதலில் மனம்விட்டுக் கதைத்தவர் யார்?

உவர்மலையான்:
கழுத்தில் நெறி கட்டியது, சயரோகமோ என்று சந்தேகப்பட்டது, ஊசியால் உறிஞ்சிப் பார்த்தது போதாமல் நெறியை முழுதாக வெட்டி பயொப்சிக்கு அனுப்பியது எல்லாம் இங்கே பலருக்குப் பழகிய கதைதான். எனக்கு லிம்போமாவில் ஹொட்ஜ்கின் என்ற வகை என்று வந்தது. நான் எழுத வந்தது மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக் வாங்கில் நடந்ததை. பக்கத்தில் இருந்த மூதூர்க்காரர் ஒருவர் என் கொப்பியை எட்டிப் பார்த்து, “தம்பி, ஏபிவிடியா?” என்று எனக்கு ஏற்றுகிற கீமோ மருந்துக் கூட்டின் பெயரைக் கேட்டார், ஒரே பள்ளியில் படித்தவனைக் கண்டுபிடித்ததுபோல. “சிவப்பு மருந்து ஏத்தினா சிறுநீரும் சிவப்பாப் போகும். ரத்தம் எண்டு கத்தி வாட்டைக் கூட்டிடாதீங்க. நான் கூட்டினேன்.” சிரித்துவிட்டேன். முடிவு வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் என் முன்னால் சத்தமாகக் கூடக் கதைக்கவில்லை, அப்படி இருந்த ஆள் நான். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவர் போய்விட்டார். இரண்டு கிழமைக்கு ஒரு முறை போகிறேன், ஒவ்வொரு முறையும் தேடுகிறேன். திருகோணமலைப் பக்கம் வேறு யாராவது இருக்கிறீர்களா?

நிலாவெளி மகள்:
அம்மாவுக்கு ஹொட்ஜ்கின் அல்லாத மற்ற வகை, ஆர்-சொப் என்ற மருந்துக் கூட்டை ஏற்றுகிறார்கள், மூன்று கிழமைக்கு ஒரு தடவை. மாமாமார் “கட்டி என்று மட்டும் சொல்லு, கேன்சர் என்று வாயே திறக்காதே” என்று கட்டளை போட்டிருந்தார்கள். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் செருப்புக் கழற்றும்போது, தலையில் சீலையைப் போர்த்திய ஒருவர் அம்மாவின் தலையையும் பார்த்துவிட்டு, “அக்கா, உங்களுக்கு எங்க?” என்று கேட்டார். எனக்குக் கால் நடுங்கியது. அம்மா, “லிம்போமா. உங்களுக்கு?” என்றார், விலை கேட்கிற குரலில். “மார்பு” என்றார் அவர். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து வாய்ப்புண்ணுக்கு உப்புத்தண்ணி கொப்பளிப்பதைப் பற்றிக் கதைத்தார்கள். பூசை முடிந்தும் எழும்பவில்லை. வீட்டில் ஆளுக்காள் நடித்துக்கொண்டிருந்தது எங்களுக்காகத்தானே தவிர அம்மாவுக்காக இல்லை.

கந்தளாய்:
என் தம்பியின் மாமனாருக்கும் இதே வருத்தம்தான், இப்போது நன்றாக இருக்கிறார். உவர்மலையான், வாங்கில் சந்திக்கிறவர் சொல்வதை நம்ப வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. முதலில் சீனியை அடியோடு நிறுத்துங்கள். கட்டி சீனியில்தான் வளரும் என்பார்கள். அன்னமுன்னா இலையை அவித்து வெறும் வயிற்றில் குடியுங்கள். மாமனாருக்கு நாங்கள் கொடுத்தோம். இறைச்சி வேண்டாம், நண்டு வேண்டவே வேண்டாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தாலும் உடம்புக்கு நல்லது என்பார்கள். மனதைத் திடமாக வைத்திருங்கள், அதுதான் பாதி மருந்து. நாலாம் ஸ்டேஜ் என்றால் மட்டும் அலைக்கழிக்காமல் வீட்டில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கிண்ணியா:
கந்தளாய்க்காரருக்கு: கடைசி வரியை இங்கே புதிதாக வருகிற ஒருவர் வாசித்தால் என்ன ஆகும்? லிம்போமாவில் நாலாம் ஸ்டேஜ் என்றாலும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் பலருக்கு மருந்து ஏற்றுகிறார்கள். எனக்கு எலும்பு மச்சையிலும் இருந்தது, ஸ்டேஜ் நாலுதான், இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். இலைக் கசாயத்தை டொக்டரிடம் கேட்காமல் குடிக்காதீர்கள், கீமோவோடு மோதினால் ஈரல் தாங்காது. வெள்ளையணு இறங்கியிருக்கிற நேரத்தில் வெந்நீர்க் கிணற்றில் குளிக்கப் போவதா!

சரி, என் கதை. கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி காய்ச்சல். வீட்டில் பனடோல் எடுத்துக் கையில் தந்துவிட்டார்கள், விடியட்டும் என்று. என்னோடு மருந்து ஏற்றிய ஒரு ராத்தா தற்செயலாகப் போன் எடுத்தார். “எத்தன டிகிரி? 38ஐத் தாண்டிட்டா? அப்ப பனடோலக் கீழ வைங்க, ஓட்டோவக் கூப்பிடுங்க” என்று அதட்டினார். பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே தொற்று வேலை செய்துகொண்டே இருக்கும். பாலத்தைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம், உடனே அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். பாலம் 2009இல் வந்தது. பாதை என்கிற மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்த காலத்தில் இந்தக் காய்ச்சல் வந்திருந்தால் அந்த நேரத்தில் என்ன செய்திருப்போமோ.

கந்தளாய்:
நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். மாமனார் இன்றைக்கும் வயலுக்குப் போகிறார்.

கிண்ணியா:
அவருக்கு என்ன மருந்து ஏற்றினார்கள் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். இலை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

உவர்மலையான்:
கிண்ணியா, விரல் நுனி மரத்துப்போவது உங்களுக்கு எப்போது குறைந்தது? எனக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

கிண்ணியா:
மருந்து முடிந்து மாதங்கள் ஆனது. அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள், சிலருக்கு அளவைக் குறைப்பார்கள். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை. அதுவரைக்கும் ரீசேட் போடுங்கள்.

நிலாவெளி மகள்:
இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உவர்மலைத் தம்பியோடு தானே கதைக்க வேணும் என்கிறார். இன்பொக்ஸில் நம்பர் போட்டிருக்கிறேன். பின்னேரம் எடுங்கள். ஆர்-சொப்போடு சேர்ந்த பிரெட்னிசோலோன் குளிசை போடுகிற நாட்களில் அவருக்குத் தூக்கமே கிடையாது, அப்போது நடுச்சாமத்திலும் எடுக்கலாம்.