நலங்கு மாவு: ஒருத்தருக்கு உடனே எரிச்சல், இன்னொருத்தருக்கு மூணாம் நாள் கருப்பு. எந்தச் சரக்கு?

நொய்யல்கரை:
திருப்பூர் பக்கம் குளியல் பொடி அரைச்சு விக்கறோமுங்க. கூட்டு: பாசிப்பயறு 1 கிலோ, ஆவாரம்பூ 100 கிராம், ரோஜா இதழ் 100, பூலாங்கிழங்கு 100, கஸ்தூரி மஞ்சள் 50, கார்போக அரிசி (பேர்தான் அரிசி, அது ஒரு மருந்து விதை) 50, வெட்டிவேர் 50, காய்ந்த எலுமிச்சைத் தோல் 50. போன மாசத்துப் பொடியில் ரெண்டு புகார். ஒருத்தருக்குப் பூசின ரெண்டு நிமிசத்தில் முகம் தீயாட்டம் எரிஞ்சிருக்கு, தடிப்பு இல்லை. இன்னொருத்தர் தோட்ட வேலைக்குப் போறவர். அன்னைக்கு ஒண்ணுமில்லை, மூணாம் நாள் கழுத்தும் முன்கையும் சிவந்து, அப்புறம் திட்டுத் திட்டாக் கருத்திருச்சு. மஞ்சள்தான் காரணமுங்களா?

மருந்துச்சரக்கு:
மஞ்சள் மேல பழி போடறதுக்கு முன்னாடி நேரத்தைப் பாருங்க. நிமிசக் கணக்கில் எரிஞ்சா அது உறுத்தல். ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு நமைச்சலோட தடிச்சா ஒவ்வாமை. மஞ்சளுக்கும் சிலருக்கு அப்படி வரும். வெயில் பட்ட இடம் மட்டும் சிவந்து கருத்தா, சரக்கும் வெயிலும் சேர்ந்து பண்ணுன வேலை.

உங்க ரெண்டாவது புகாருக்கு என் சந்தேகம் கார்போக அரிசி. அதில் சோரலென்னு, வெயில் பட்டாத் தோலில் வேலை செய்யற பொருள் இருக்கு. வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயில் காட்டச் சொல்றதே அதுக்காகத்தான், தோலைக் கருக்க வைக்க. மருந்தா இருக்கிற அதே குணம் குளியல் பொடியில் வினை. இதுக்கு ஒவ்வாமை உடம்பு வேண்டியதில்லை. அளவும் வெயிலும் சேர்ந்தா யாருக்கும் வரும். பூசின அரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் தோல் வெயிலுக்கு ரொம்ப இளகிக் கிடக்கும். காலையில குளிச்சுட்டு நேரா காட்டுக்குப் போனா அந்த நேரம்தான் அமையுது. சிவப்பு 2, 3 நாளில் உச்சத்துக்கு வரும், கருப்பு மாசக் கணக்கில் நிக்கும். உங்க கூட்டு மொத்தம் 1500 கிராம். அதில் 50ங்கறது நூத்துக்கு மூணு சொச்சம். குறைக்க வேண்டாம், எடுத்தே போடுங்க. எலுமிச்சைத் தோலிலும் இதே வகைப் பொருள் உண்டு, அதுவும் போகட்டும்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க: தோட்டத்தில் பார்த்தீனியம்ங்கற களைச்செடி இருக்கா? அதனாலயும் கழுத்து, முன்கையெல்லாம் புண்ணாகும். ஆனா அதில் நமைச்சல் தாங்காது. கண்ணிமை, முழங்கை மடிப்புன்னு வெயில் படாத இடத்திலும் வரும்.

செக்குமேடு:
முதல் புகாருக்கு வர்றேன். எந்த மில்லில் அரைச்சீங்க? மொளகாய்ப்பொடி ஓடுன மிசினா?

நொய்யல்கரை:
ஆமாங்க, மசாலா மில்தான். தொடைச்சுட்டுத்தான் போட்டாங்க.

செக்குமேடு:
தொடைச்சா போகாதுங்க. கல்லு இடுக்கிலும் பையிலும் ஒட்டுன மொளகாய்க் காரம் அடுத்து வர்ற மாவில் இறங்கும். முதல்ல விழற அரைக் கிலோவில்தான் அதிகம், அதனாலதான் ஒருத்தருக்கு மட்டும் எரிஞ்சிருக்கோணும். பச்சரிசி ஒரு கிலோ ஓட்டிக் கொட்டிட்டு, அப்புறம் உங்க பயறுலயே அரைக் கிலோ ஓட்டி அதையும் ஒதுக்கோணும். அதைவிட, சீயக்காய்க்குன்னே தனி மிசின் வெச்சிருக்கிற மில்லாப் பாருங்க. இப்படி எரிஞ்சா வெறும் தண்ணியில் போகாது. காரம் எண்ணெயில்தான் கரையும். தேங்காயெண்ணெய் தடவித் துணியில் ஒத்தியெடுத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவோணும். கண்ணுப் பக்கம் எண்ணெய் வேண்டாம்.

சல்லடையும் பாருங்க. மாவுச் சல்லடையில் தப்புன பயத்தந்தொலி நுணுக்கம் முகத்தைக் கீறும். மெல்லிய வேட்டித்துணியில் வஸ்திரகாயம் பண்ணுங்க, அதாவது துணியில் சலிச்செடுங்க. கஸ்தூரி மஞ்சளைப் பொடியா வாங்காதீங்க, கிழங்கா வாங்குங்க. பேர் மட்டும் கஸ்தூரி மஞ்சளா இருக்கும், உள்ள பூலாங்கிழங்கு கிடக்கும்.

மருந்துச்சரக்கு:
பொடி தோலுக்கு ஒத்துக்குமான்னு பார்க்கிற சோதனை பத்தியும் சொல்லீர்றேன். பொடியைத் தண்ணியில் குழைச்சு முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய்க் காசளவு பூசி, 10 நிமிசத்தில் கழுவோணும். தினம் ரெண்டு வேளை, 7 நாள், ஒரே இடத்தில். ஒரு நாள் பார்த்துட்டு விட்டா ஒவ்வாமை தெரியாது. ராத்திரி முச்சூடும் கட்டி வெக்காதீங்க, அப்படி வெச்சா நல்ல பொடியும் புண்ணாக்கும். ஆனா இந்தச் சோதனையில் கார்போக அரிசி மாட்டாது, வெயில் படலையே.

கருத்த இடத்தை வெயில் படாம மூடி வெக்கச் சொல்லுங்க, எலுமிச்சை தேய்க்கக் கூடாது. கொப்புளம் வந்தா தோல் டாக்டர்கிட்டத்தான் போகோணும். மெடிக்கல்ல கேட்டு வாங்குற ஸ்டீராய்டு டியூப் முகத்துக்கு ஆகாது. அப்புறம், விற்பனைக்குன்னா 2020 அழகுசாதனப் பொருள் விதிப்படி தயாரிப்பு உரிமம் வேணும். லேபிளில் எல்லாச் சரக்கும் பேர் போட்டு எழுதுங்க.

நொய்யல்கரை:
இன்னும் 4 கிலோ கிடக்குதுங்க. மறுபடி துணியில் சலிச்சாத் தேறுமா?

செக்குமேடு:
காரமும் கார்போக அரிசியும் மாவோட மாவாக் கலந்தாச்சு, சலிச்சா வராது. எருக்குழியில் கொட்டுங்க. பயறுதானேன்னு மாட்டுத் தாழியில் போட்றாதீங்க.