ஆச்சியின் முக்காடும் ஜிம் ரீவ்ஸ் கேசட்டும்

பாளையங்கோட்டையிலிருந்து:

சினிமா மாதிரியானது உலகப் பாட்டு, ஆண்டவரைப் பாடுவது ஆவிக்குரிய பாட்டு என்று சபையில் பிரித்துச் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த இரண்டும் உங்கள் வாழ்க்கையில் எங்கேயாவது நேருக்கு நேர் சந்தித்திருக்கிறதா? சரியா தப்பா என்ற வழக்கு வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் என் வீட்டுக் கதை.

எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது. ரேடியோவில் செய்தி முடிந்ததும் ஆச்சி எழுந்து போய் அணைத்துவிடுவாள். காலையில் அடுப்படியில் கீர்த்தனை, ராத்திரி குடும்ப ஜெபத்தில் பாமாலை. இந்தச் சட்டத்துக்குத் தப்பி உள்ளே வந்த ஒரே ஆள் ஜிம் ரீவ்ஸ்.

டெக்சாஸில் பிறந்த அமெரிக்கப் பாடகர். 1964 ஜூலை 31 அன்று சின்ன விமானம் ஒன்றைத் தானே ஓட்டிப் போனபோது மழையில் மாட்டி இறந்துபோனார். வயது 40. அதற்கு இருபது வருஷம் கழித்தும் டிசம்பர் வந்தால் எங்கள் தெருவில் குழாய் கட்டி அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டுகளைத்தான் போட்டார்கள். பாடகராகப் பேர் வாங்குவதற்கு முன் அவர் ரேடியோ அறிவிப்பாளர். வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். கத்தவே மாட்டார், மைக்குக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பாடுவார். "ஐயர் பிரசங்கம் பண்ற மாதிரி இல்லடே, வீட்டுக்கு வந்து விசாரிக்கிற மாதிரி இருக்கு" என்பார் தாத்தா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க்கால், அதாவது வெளியூர் அழைப்பு, இணைத்துக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். குரல்களைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு உண்டு.

கேசட் குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்தது. ஒரு பக்கம் முழுக்க ஆலயப் பாட்டுகள், மறுபக்கம் முழுக்க காதல் பாட்டுகள். ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி, சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொள்வாள். தாத்தா பட்டனை அமுக்குவார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் ஓடும், அப்புறம் பியானோ. முதல் பக்கம் முடிந்து டக்கென்று பட்டன் எழும்பும். தாத்தா கேசட்டை எடுத்து, சுண்டுவிரலால் பல்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, திருப்பிப் போடுவார். முக்காடு அப்படியேதான் இருக்கும்.

மறுபக்கத்தில் மூன்றாவது பாட்டு, மதுக்கடையில் நிற்கிற ஒருவன் டெலிபோனில் காதலியிடம் கெஞ்சுவது. அவள் பக்கத்தில் இன்னொருவன் இருக்கிறான். ரிசீவரை வாய்க்குக் கிட்டே கொண்டுவா, இங்கே ஓடுகிற பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்கிறான் இவன். 1960-இல் அமெரிக்காவில் பெரிதாக ஓடிய பாட்டு. எனக்கு அதன் அர்த்தம் புரிந்தது கல்லூரி இரண்டாம் வருஷத்தில், 1993-இல். அந்த லீவுக்கு வந்தபோது அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி முக்காட்டோடு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏல, என்ன நிக்க? உக்காரு" என்றாள். அப்புறம், "இந்த மனுசன் எதையோ ரொம்பக் கெஞ்சிக் கேக்கான், என்னல?"

ஆமா ஆச்சி என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு எந்தப் பாட்டையும் உலகப் பாட்டு என்று சட்டென்று தள்ளிவிட எனக்கு வாய் வந்ததில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்து எனக்கும் எழுதத் தோன்றியது. நான் கீபோர்டு வாசிப்பவன். சனிக்கிழமை ராத்திரி கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசை, ஞாயிறு காலை ஆலயத்தில் ஆராதனை. இரண்டும் சேர்ந்தால்தான் வீட்டு வாடகை. ஒரு நாள் கமிட்டியில் கூப்பிட்டு, ராத்திரி குத்துப்பாட்டு வாசித்த கை காலையில் பரிசுத்த ஸ்தலத்தில் வாசிக்கக் கூடாது என்றார்கள். எட்டு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு தொடங்கும்போது என் விரல்கள் தொடையில் தானாக ஸ்வரம் தேடும். பக்கத்தில் மகள் இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த எட்டு மாதத்தில் நிறையப் படித்தேன். நம் கமிட்டிக்காரர்களும் கண்ணை மூடிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பிறந்தது அண்ணனுடைய பாளையங்கோட்டை, வாழ்ந்தது எங்கள் தஞ்சாவூர். சரபோஜி மன்னரும் அவரும் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தக் காலத்தில் குறவஞ்சி என்றால் அரண்மனையிலும் கோவிலிலும் ஆட்டத்தோடு நடப்பது. தலைவி காதலில் வாட, குறத்தி வந்து குறி சொல்வாள். சரபோஜி மேலேயே ஒரு குறவஞ்சி பெரிய கோவிலில் ஆடப்பட்டது. அந்த உருவத்தைத்தான் சாஸ்திரியார் எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். வருஷம் 1800. ஊரே ரசித்த ஆட்டத்தில் இயேசுவைக் கொண்டுவந்து வைத்தவரை இன்று சங்கீத மூதாதை என்று கும்பிடுகிறோம்.

இன்னொருவர் அமெரிக்காவில் தாமஸ் டார்சி. ஜார்ஜியா டாம் என்ற பேரில் மது விடுதிகளில் புளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையைப் பியானோவில் வாசித்தவர், அடல்ட்ஸ் ஒன்லி பாட்டெல்லாம் ரெக்கார்டு கொடுத்தவர். அதே தாளத்தோடும் வளைவோடும் ஆலயத்துக்குப் பாட்டு எழுதிக்கொண்டு போனபோது பல சபைகள் கதவைச் சாத்தின. 1932-இல் அவர் வேறு ஊரில் கூட்டத்தில் இருக்கும்போது மனைவி பிரசவத்தில் இறந்த செய்தி வந்தது. பிறந்த பிள்ளையும் பிழைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொள்ளும் ஆண்டவரே என்று அவர் உடைந்துபோய்ப் பாடிய பாட்டு அந்தத் துக்கத்தில் வந்ததுதான். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் அடக்கத்தில் அதைப் பாடியவர் மஹாலியா ஜாக்சன். புளூஸ் பாட மாட்டேன், விடுதிகளில் பாட மாட்டேன் என்று கடைசிவரை உறுதியாக நின்ற அம்மா அவர். புளூஸ்காரர் எழுதியதை அவர் தள்ளவில்லை. 1972-இல் மஹாலியா இறந்தபோது அதே பாட்டைப் பாடியவர் அரீத்தா ஃபிராங்க்ளின். அவரோ ஊரறிந்த உலகப் பாட்டுப் பாடகி!

இப்போது வேறு சபையில் வாசிக்கிறேன். சனிக்கிழமை கச்சேரியும் உண்டு, மறைப்பதில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

தம்பிகள் இருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு விஷயம் ஒப்பவில்லை. விடுமுறை வேதப் பள்ளியில் சினிமா மெட்டில் இயேசு பாட்டு கட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் உற்சாகமாகத்தான் பாடின. ஆனால் என் பேரன் பாடிக்கொண்டே அந்தப் படத்து ஹீரோ மாதிரி தோளைக் குலுக்கினான். அவன் கண்ணுக்குள் யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இசை எங்கிருந்தும் வரட்டும், கடன் வாங்கிய மெட்டு பழைய முகத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறதே. சாஸ்திரியார் உருவத்தை எடுத்தார், ஆனால் உள்ளே உட்கார்ந்து தானாகக் கட்டினார். அந்த உழைப்பை நான் கேட்கிறேன்.

சென்னையிலிருந்து:

அக்கா சொல்வது நியாயம். எனக்கு நேர்ந்தது தலைகீழ்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போனேன், செப்டம்பர் 8 பெருவிழாவுக்கு. ஏழாவது நாள் ராத்திரி இரண்டு காலிலும் கொப்புளம். ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து இனி பஸ் ஏறிவிடலாம் என்று பர்ஸைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் நெற்றியில் பட்டை. எங்கள் காவித் துணியைப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி வேறொன்று போட்டார். மாதா கோவிலில் விளக்கேற்றியதாக எஸ். ஜானகி பாடுவது, 1978-இல் அச்சாணி படத்துக்கு இளையராஜா இசையில் வந்தது. சினிமாப் பாட்டுதான். அழுகையை அடக்கிக்கொண்டு பாடுகிற குரல். டீ ஆறிப்போனது. பர்ஸை மூடிவிட்டு எழுந்தேன். அவர் காசு வாங்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து அதே பாட்டைப் போட்டார், நாங்கள் இருட்டில் ரொம்ப தூரம் போகும் வரை கேட்டது.

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும்:

நாகர்கோவில் அம்மா சொன்னதோடு என் குறையையும் சேர்க்கிறேன். இப்போது வருகிற ஆராதனைப் பாட்டுகளில் பல, டிரம்ஸும் கீபோர்டும் இல்லாவிட்டால் நிற்பதில்லை. மேடையில் இருக்கிறவர் பாடுகிறார், நாம் கையை உயர்த்திக்கொண்டு கேட்கிறோம். எனக்குப் பாட்டுக்கு ஒரே பரிசோதனை துக்க வீடு. தஞ்சாவூர் தம்பி சொன்ன சாவுகளைப் படித்ததும் அதை எழுத வேண்டும் போல் இருந்தது.

ஆச்சி இறந்தது 2004 நவம்பரில், நல்ல மழை. வாலிபர் சங்கத்துப் பையன்கள் அன்போடு கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் தூக்கி வந்து இரண்டு புதுப் பாட்டு பாடினார்கள். மூன்றாவது பாட்டின் நடுவே கரண்ட் போனது. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார்கள். மழைச் சத்தம் மட்டும். அப்போது அடுப்படி ஓரத்திலிருந்து பக்கத்து வீட்டுச் சித்தி, 'என்னோடிரும், மா நேச கர்த்தரே' என்று மெதுவாக எடுத்தாள். ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. கொயரில் பாடிய பெரியவர்கள் கீழ்ஸ்தாயியைப் பிடித்துக்கொள்ள, இருட்டுக்குள் வீடு முழுக்கப் பாடியது. அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் லைட் என்ற போதகர், 1847-இல் சாகும் தறுவாயில். இங்கிலாந்தில் 1927 முதல் எஃப்.ஏ. கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியில் மைதானமே அதைப் பாடுகிறது. ஆலயத்திலிருந்து கிளம்பி அங்கேயும் போயிருக்கிறது பாருங்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் தாத்தா டேப் ரெக்கார்டரைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆலயப் பாட்டுப் பக்கம் போடுவார் என்றுதான் நினைத்தேன். மறுபக்கத்தைப் போட்டு, முன்னால் ஓட்டி, மூன்றாவது பாட்டில் நிறுத்தினார்.

"தாத்தா, இது..." என்று இழுத்தேன்.

"தெரியும்ல. முப்பது வருஷம் டிரங்க்கால் போட்டவன், எனக்கு இங்கிலீஷ் தெரியாதா?" என்றார். அப்புறம் சத்தத்தைக் குறைத்து, பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.