கலைச்சொல்: "பீச்புளூம்" – பீச்மலர் மெருகா, காராமணிச் சிவப்பா?

வணக்கம். சீனாவின் காங்சி பேரரசர் காலத்து (1662–1722) அரண்மனைப் பீங்கான்களில் "பீச்புளூம்" (பீச் என்ற பழமரத்தின் பூ) என்றொரு வகை உண்டு. இளஞ்சிவப்புப் பரப்பு, ஆங்காங்கே பச்சைப் புள்ளி. எழுதுமேசைக்கான எட்டு வடிவச் சிறு கலங்களில்தான் பெரும்பாலும் வரும். ஏலப் பட்டியல்களைத் தமிழாக்க ஒரு சொல் வேண்டும். "பீச்மலர் மெருகு" பொருந்துமா?

---

பொருந்தாது ஐயா, இரண்டு பாதியும் இடிக்கிறது. பீச் மேலைநாட்டு வணிகர் வைத்த பெயர். 1886-இல் நியூயார்க் ஏலத்தில் சேகரிப்பாளர் மேரி மார்கனின் இவ்வகைக் குடுவை 18,000 டாலருக்குப் போனதும் அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது. கண்ணாடிக்காரர்கள்கூட "பீச்புளோ" என்று சரக்கு விட்டார்கள். சீனர் வழக்கமாகச் சொல்வது ஜியாங்தோவ் ஹொங். ஜியாங்தோவ் நம் காராமணி, ஹொங் சிவப்பு. சுண்டலுக்கு ஊறவைக்கும் சிவப்புக் காராமணியின் தோலைப் பாருங்கள், அதே மங்கிய, சீரற்ற சிவப்பு. கையில் இருக்கும் பயற்றை விட்டுப் பீச் பூவை ஏன் தேட வேண்டும்?

அடுத்தது "மெருகு". அது தேய்த்து வரும் பளபளப்பு. இங்கே இருப்பது சூளையில் உருகி உறைந்த கண்ணாடி. "கண்ணாடிப்பூச்சு" என்போம்.

---

காராமணியில் வெள்ளையும் உண்டே? தவிர, அதே காலத்துப் பீங்கானில் லாங்யாவ் என்ற இன்னொரு சிவப்புப் பூச்சும் செம்பால் வருவதுதான். இரண்டும் குழம்பாதா?

---

"சிவப்பு" என்று சேர்த்தபின் வெள்ளைப் பயறு யாருக்கும் நினைவுக்கு வராது. லாங்யாவ் தடித்து வழிந்த இரத்தச் சிவப்பு, நிறத்திலேயே பிரிந்துவிடும்.

செய்முறையும் தனி. நிறமற்ற பூச்சு ஓர் அடுக்கு. அதன்மேல் மெல்லிய துணி கட்டிய மூங்கில் குழாயால் ஊதிய செம்புக் கலவை. மேலே மறுபடி நிறமற்ற பூச்சு. இதுவே பொதுவான கருத்து. செம்பு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சூளை ஏறத்தாழ 1,300 பாகை, உள்ளே காற்று குறைந்த புகை. காற்று கொஞ்சம் புகுந்தால் அந்த இடம் பச்சையாகும். சூடு மிஞ்சினால் செம்பு ஆவியாகிச் சாம்பல் நிறமாகிவிடும். பச்சைப் புள்ளி ஆக, ஒரு பிசகுதான். அதற்கே விலை ஏறுகிறது. சீனர் அதைப் பாசி என்கிறார்கள். "பாசிப்புள்ளி" என்று எடுத்துக்கொள்ளலாம். (காராமணிக்குப் பக்கத்தில் நின்றால் பாசிப்பயறு என்று படிப்பவரும் இருப்பார்!)

---

சேகரிப்போர் பார்க்கும் இடங்களுக்கும் சொல் வேண்டும். தாய்பாய் கலம், கவிஞர் லி பாயின் இன்னொரு பெயரால் வந்தது, ஆங்கிலத்தில் தேன்கூடு. சுமார் 9 செ.மீ. உயரம். தோளுக்குக் கீழே பூச்சுக்கடியில் மூன்று வட்ட டிராகன் கீறல்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அசலில் அவை மெல்லிய நிழலாய்த் தெரியும். போலியில் பெரும்பாலும் மொத்தையாய், பூச்சில் புதைந்திருக்கும். அடியில் நீல எழுத்து ஆறு, மூன்று வரிசை, சுற்றி இரட்டை வளையம் கிடையாது. இந்த எழுத்துக்கு "ஆட்சிக்குறி" போதும். ஆனால் குறியை மட்டும் நம்பக் கூடாது, 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் காங்சி பெயரைப் போட்டார்கள்.

ஒல்லியான "வில்லோ இலைக் குடுவை"யில் விளிம்பு எளிதில் உடையும். உடைந்ததை அராவிச் சமன்செய்து, உலோகப் பூண் மாட்டி விற்பார்கள். கழுத்து குட்டையாகத் தெரிந்தால் பூணைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். இதற்கு "அராவிய வாய்" என்றே எழுதலாம், அலங்காரம் வேண்டாம்.

---

சரி, அப்படியானால் பதிவு இது:

காராமணிச் சிவப்பு: செம்பால் நிறமேற்றிய இளஞ்சிவப்புக் கண்ணாடிப்பூச்சு, பாசிப்புள்ளிகள் வரலாம், காங்சி காலம், ஜிங்தேசென் நகர அரசுச் சூளை. "பீச்புளூம்" என்பதற்கு இதைக் காண்க.

---

கொங்குப் பக்கம் காராமணி என்றால் முழிப்பார்கள். "தட்டைப்பயற்றுச் சிவப்பு" என்றும் ஒரு "காண்க" போட்டுவிடுங்கள்.